பேனரில் இல்லாத முகம்

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் ஒரு வீட்டுப் பிள்ளை அரசாங்கத்தின் தொழில் லைசென்ஸ் தேர்வில் தேறிவிட்டால் போதும், மறுநாளே வாசலில் ஆளுயர பேனர் ஏறிவிடும். அன்று காலை லுடிவினா பூண்டுச் சோற்றை வதக்கிக்கொண்டிருந்தபோதே அதே வீட்டிலிருக்கும் நாத்தனார் பூரிங்கின் குரல் வாசலில் கணீரென்று கேட்டது. நர்ஸ் தேர்வில் தேறிய தன் மகன் ரெனாந்தேயையே ஏணியில் ஏற்றிப் பேனர் கட்டவைத்துக்கொண்டிருந்தாள் அந்த மகராசி! குடும்பத்தில் பட்டம் வாங்கிய அத்தனை பேர் முகமும் அதில் சிரித்தது. லுடிவினாவின் மகள் எலோய்சாவின் முகம் மட்டும் இல்லை.

“வரலாறு படிச்சவளுக்கு ஏது லைசென்ஸு? பேருக்குப் பின்னால என்னத்தைப் போடறது?” என்றாள் பூரிங்.

“எனக்குத்தான் கோர்ட்டுல வேலை கிடைச்சிருக்கே அத்தை... நாளைக்குப் பதவிப் பிரமாணம்” என்றாள் எலோய்சா.

“வரலாறு படிக்கப் போய்க் கத்துக்கிட்ட மலைக்காரங்க பேச்சை ஜட்ஜுக்கு மொழிபெயர்க்கறதெல்லாம் ஒரு வேலையா? போடி! உன்னை நர்ஸிங்ல சேர்க்க ஃபாரம் வாங்கியாச்சு. உங்கப்பன் கையெழுத்தும் போட்டாச்சு!”

லுடிவினா திடுக்கிட்டுக் கணவன் டெலோவைப் பார்த்தாள். அவன் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவுக்கு எதிராக என்றைக்கு அவன் வாய் திறந்திருக்கிறான்!

“அண்ணி, எம்மக வேலைக்குத்தான் போவா.”

“அடேங்கப்பா! மக பட்டம் வாங்கறப்பகூட வராம, ஹாங்காங்ல கண்டவங்க வீட்டுல பாத்திரம் தேய்ச்சவதானே நீ? இப்ப மட்டும் அம்மாவா?”

எலோய்சா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கோபம் அவளுக்கும் உண்டு. ஒரு வருடமாக அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. லுடிவினா உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். ஆனாலும் கொடுத்த வாக்கு இருக்கிறதே... அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“போதும்மா!” ஏணியிலிருந்து ரெனாந்தே இறங்கி வந்தான். “போன வருஷம் பரீட்சை எழுதலைன்னு சொன்னேனே, அது பொய். எழுதினேன்... ஃபெயிலாயிட்டேன்! உங்கிட்ட சொல்ல பயந்துபோய் மாமிக்கு ஃபோன் பண்ணி அழுதேன். அந்தக் காசுல என்னை மறுபடி படிக்க வைக்கத்தான், எலோய்சா பட்டம் வாங்கறதைப் பார்க்க எடுத்த டிக்கெட்டை மாமி ரத்து பண்ணிட்டு அங்கேயே தங்கினாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான்!”

“அம்மா... ஏம்மா என்கிட்டகூடச் சொல்லலை?” எலோய்சா கதறிக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இத்தனை நாள் அடக்கிவைத்த அழுகையெல்லாம் லுடிவினாவுக்கு அப்போதுதான் பீறிட்டது.

பூரிங் வந்து லுடிவினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “லுடி... என்னை மன்னிச்சிடு. எலோய்சா முகத்தையும் போட்டு வேற பேனர் அடிச்சிடறேன்...”

“வேண்டாம் அண்ணி!” லுடிவினா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “அங்க இவ ஒரு சொல்லைத் தப்பாச் சொன்னா, ஒண்ணும் தெரியாதவன் ஜெயிலுக்குப் போவான். அந்த வேலைக்குப் படிச்ச படிப்பையா வீணுங்கறீங்க? ஃபாரத்துல கையெழுத்துப் போட்டவரே போய் நர்ஸிங் படிக்கட்டும்!”

டெலோ எழுந்தான். மேசைமேல் கிடந்த ஃபாரத்தை எடுத்து, அக்காவின் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்தான்.

“நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?” என்று மெதுவாகக் கேட்டான்.

“எட்டு மணிக்கு. நானும் எம்மகளும் முன்னால போறோம். வர்றவங்க பின்னால வாங்க!”