பதிவில் இல்லாத பொதி

2007. ஒரு சனிக்கிழமை, பிற்பகல் 1.20.

திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் இருந்த மீனவர் சங்கத்தில் ஒரு கணினி செத்துக் கிடந்தது. முழுச் சாவு அல்ல. மறுநாள் கடலுக்குப் போகும் நாற்பத்துமூன்று வள்ளங்களின் பட்டியலை மூன்று மொழியில் அச்சடிக்கும் மென்பொருள் மட்டும் எழும்பவில்லை. தட்டினால், 'எனக்கு வேண்டிய துண்டு ஒன்றைக் காணவில்லை' என்று ஒரு வரி காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. நாலு மணிக்குப் பட்டியல் கடற்படைக் காவலரணில் இல்லாவிட்டால் ஒரு வள்ளமும் அசையாது. கையால் எழுதியதை அங்கே வாங்கமாட்டார்கள்.

போட்டோப் பிரதி எடுக்கும் எதிர்க்கடை ஸுல்பிகாவைக் கூப்பிட்டார்கள். விசிறிச் சத்தத்தைக் கேட்டே இதே கணினிக்குள் பல்லி குடித்தனம் நடத்துவதை ஒருமுறை சொன்னவள். அவள் சொன்ன எண்ணிக்கையைவிடக் குஞ்சு ஒன்று மட்டும் குறைவாக அகப்பட்டது. அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

சங்கத் தலைவர் தம்பிராசா கதிரையில் இருக்கவில்லை; அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"இது தானாப் பழுதான வேலையில்லைத் தங்கச்சி. ஆரோ அழிச்சிருக்கினம். பட்டியல் எங்கை எண்டு நேவிக் காம்ப்பில கேட்பாங்கள். நான் ஒரு பெயர் சொல்லத்தான் வேணும்."

அவர் பார்வை போய் நின்ற இடத்தில் உம்மு குல்சும் நின்றாள். அந்தக் கணினியில் பட்டியல் அடிப்பவள். மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து மாமி வீட்டில் ஒதுங்கியிருக்கிறாள். அந்த வீட்டுப் பதிவில் அவள் பெயர் இன்னும் ஏறவில்லை. சுற்றிவளைப்பு நடந்தால் படையினர் பதிவை விரித்துப் பார்ப்பார்கள். அதில் இல்லாத ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். தலைவரும் பெயரைச் சொல்லிவிட்டால் அவளுக்காகப் பேச ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

"நான் ஒண்டையும் அழிக்கல்ல, ராத்தா. நேத்து ஜும்ஆத் தொழுகைக்கு முன்னுக்கே போயிட்டன். காலையில வந்து போட்டன், இப்பிடிக் காட்டுது."

"நேத்துப் பின்னேரம் ஆர் இருந்தது?" ஸுல்பிகா கேட்டாள்.

"நான்தான்," என்றான் ஆனந்தராசா. தலைவரின் மருமகன். கொழும்பில் ஆறு மாதம் கணினி படித்தவன். அந்த ஆறு மாதத்தைப் பற்றி ஆறு வருடம் கதைக்கக்கூடியவன்.

1.50.

"என்ன செய்தீங்க, தம்பி?"

"தமிழ் எழுத்து வடிவா விழ ஒரு மென்பொருளை மூல நிரலில இருந்து இதிலயே கட்டிப் பார்த்தனான். துணைக்கு அறுபத்திரண்டு பொதி சீடியில இருந்து இறக்கினனான். கடைசியில கட்டுப்படேல்லை. விட்டிட்டுப் போட்டன்."

"இறக்கின பொதியள்?"

"அப்பிடியே கிடந்தது. நான் கை வைக்கேல்லை. காலையில இவதான் துப்பரவாக்கிறன் எண்டு எதையோ கிண்டியிருப்பா."

"அதெல்லாம் தெரிஞ்சா இந்தச் சம்பளத்துக்கு ஏன் இருக்கன்?" என்றாள் குல்சும், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்தக் கணினியில் ஓடும் லினக்ஸில் மென்பொருள்கள் பொதி பொதியாக வரும். ஒன்றுக்கு இன்னொன்று துணை. எது வந்தது, எது போனது என்று இயந்திரமே நாட்குறிப்பு எழுதிக்கொள்ளும். ஸுல்பிகா அதைத் திறந்தாள். நேரத்தைப் பார்த்துப் பயனில்லை. உள்ளிருந்த மணிக்கூட்டுப் பற்றரி செத்து மூன்று மாதம். நிறுத்திப் போடும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணினிக்கு 1999 ஜனவரி முதலாம் திகதி விடியும். அழித்தது நேற்றா, இன்றா? சொல்ல ஏலாது.

வந்தவற்றை விரல் வைத்து எண்ணினாள். அறுபத்தொன்று.

அதற்குக் கீழே, போனவற்றை எண்ணினாள். அறுபத்திரண்டு.

மறுபடியும் எண்ணினாள். பல்லிக் குஞ்சு விஷயம் நினைவிருந்தது.

2.35.

"தம்பி, எத்தின பொதி இறக்கினது எண்டீங்க?"

"அறுபத்திரண்டு. திரையில என்ர கண்ணாலயே பார்த்தனான்."

"பார்த்தது உண்மை. ஆனா இறங்கினது அறுபத்தொண்டு. அறுபத்திரண்டு எண்ட இலக்கம் இந்த மிசினில ஒரே ஒரு தரம்தான் வந்திருக்கும். 'இந்த அறுபத்திரண்டையும் அகற்றவா, ஓமா, இல்லையா' எண்டு கேட்கேக்க. அதைப் பார்த்த ஆள்தான் ஓம் எண்டு தட்டின ஆள்."

ஆனந்தராசா மாமனைப் பார்த்தான்.

"மாமா கண்டா ஏசுவார் எண்டு..." ஆனந்தராசாவின் குரல் கீழே போனது. "கட்டுப்படாத சாமான் கிடந்து என்ன? மிச்சம் மீதியை அகற்று எண்டனான். வந்ததுகள்தான் போகுது எண்டு நினைச்சன்."

"அப்ப கூடப்போன அந்த ஒண்டு?" என்றார் தம்பிராசா.

"அதுதான் உங்கட பட்டியல் தேடுற துண்டு. இந்த மிசினிட்டயும் ஒரு வீட்டுப் பதிவு இருக்கு, ஐயா. ஆருக்காக ஆர் வந்தது எண்டு. அந்தத் துண்டை முந்தி வேற எதுவோ கூட்டி வந்தது. கூட்டி வந்தது எப்பவோ போயிட்டுது. உங்கட பட்டியல் மென்பொருள் அந்தத் துண்டை நம்பித்தான் ஓடுது. ஆனா அந்த மென்பொருளை ஆரோ பதிவில ஏத்தாமக் கையால கொப்பி பண்ணி வெச்சிருக்காங்க. தம்பி சுற்றிவளைச்ச நேரம், 'இது எங்கட ஆள்' எண்டு சொல்லப் பதிவில ஒருத்தருமில்ல. மிசின் ஏத்திக்கொண்டு போட்டுது."

குல்சும் நிலத்தைப் பார்த்தாள். தம்பிராசா அவளைப் பார்த்தார்.

3.10. அந்தத் துண்டு இருந்த சீடியில் கீறல். முதல் தடவை வாசிக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. ஸுல்பிகா முந்தானையால் துடைத்து, ஊதி, மறுபடி போட்டாள். 3.34க்குத் துண்டு இறங்கியது. அதோடு இன்னொரு கட்டளையும் தட்டினாள்: இதை நான் கேட்டு வாங்கினேன், இனி அகற்றாதே. 3.46க்கு நாற்பத்துமூன்று வள்ளங்களும் கடதாசியில் ஏறின.

தலைவர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஸுல்பிகா கதவை மறித்தாள்.

"காம்ப்புக்கு ஒரு பெயர் சொல்லோணும் எண்டீங்களே, ஐயா."

ஆனந்தராசாவின் முகம் வெளுத்தது.

"இவர்ட பெயரில்ல. குல்சும்ட பெயர். சங்கத்தில வேலை செய்யிறவ எண்டு கடிதம் எழுதி, சீல் குத்தி, பட்டியலோட சேர்த்து அனுப்புங்க."

தம்பிராசா அன்றைக்கு முதல் தடவையாகக் கதிரையில் இருந்தார். பேனையைத் திறந்தார். எட்டு மாதமாக அவளுக்குச் சம்பளம் கொடுத்த மனிதர், எழுதப் போய் நின்றார்.

"பிள்ளை, உன்ர முழுப்பெயர் என்ன?"

அவள் சொன்னாள். தகப்பன் பெயரோடு, மூதூர் விலாசத்தோடு, மெதுவாக. 3.54க்குச் சீல் விழுந்தது. ஆனந்தராசா இரண்டு கடதாசியையும் சேர்ட்டுக்குள் சொருகிக்கொண்டு சைக்கிளில் பறந்தான்.

சீல் குத்திய அதிர்வில் கணினிக்குள்ளிருந்து பல்லி ஒன்று இறங்கிச் சுவரில் ஓடியது. விடுபட்ட அந்தக் குஞ்சு வளர்ந்துவிட்டது என்று ஸுல்பிகா கணக்கைத் திருத்திக்கொண்டாள்.