ஒரு சொளகு தவிடு

குழந்தையின் வலது கன்னத்தில் மைப்பொட்டு இருந்தது.

சுப்புத்தாய் எப்போதும் இடது கன்னத்தில்தான் வைப்பாள். அன்று காலையும் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, இடது கன்னத்தில் வைத்துத்தான் தொட்டிலில் போட்டாள். கொல்லையில் துணியை அலசிப் போட்டுவிட்டு வருவதற்குள் பொட்டு இடம் மாறியிருந்தது. புரண்டதில் ஒட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடைத்தாள். இடது கன்னத்தில் மையின் தடம்கூட இல்லை. தூக்கியபோது அவன் கழுத்து மடிப்பில் மாவுபோல ஏதோ அப்பியிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தாள். தவிடு.

அவர்கள் வீட்டில் மாடு கிடையாது, தவிடும் கிடையாது. மாடு வைத்திருந்தவள் பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள். அவளைக் கொண்டுபோய் எரித்து ஒரு மாதம் ஆகப்போகிறது.

சுருளிப்பட்டிக்கு வெளியே திராட்சைத் தோட்டங்களை ஒட்டி இருந்தவை அந்த இரண்டு வீடுகள்தான். சுப்புத்தாய்க்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதும் ஆண் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவளுக்குச் சிரிக்கப் பயமாக இருந்தது. நாத்தனார் கருத்தம்மாள் ஆண்டிபட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து காரியத்தைக் கையில் எடுத்தாள். பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற வழக்கம்தான். வாசற்படியில் வைத்துப் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றார்கள். சங்கிலியம்மாள் தானியம் புடைக்கிற சொளகில் ஒரு சொளகு தவிட்டைக் கொடுத்து, பிள்ளையை முந்தானையில் வாங்கிக்கொண்டாள். அப்புறம் வளர்க்கச் சொல்லித் தாயிடமே கொடுத்தாள். இது அடுத்த வீட்டுப் பிள்ளை என்று சாவை நம்பவைத்துவிட்டு, ஒரு வயது ஆனதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் பெற்றவள் வாயால் ‘எம்புள்ள’ என்று சொல்லக்கூடாது. ஊரே அவனைத் தவிட்டான் என்று கூப்பிட்டது.

பேருக்குச் செய்கிற வியாபாரம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிள்ளையில்லாத சங்கிலியம்மாள் அப்படி நினைக்கவில்லை. விடிந்ததும் வந்து நிற்பாள். வலது கன்னத்தில் பொட்டு வைப்பாள். எருமைக்குத் தவிடு பிசைந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கிப்போனால் பசித்து அழுகிறபோதுதான் திரும்பிக் கொண்டுவருவாள். சுப்புத்தாய்க்கு வயிறு எரியும். ஆனாலும் பிள்ளை மூன்று மாதம் தாண்டிவிட்டதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலையில் சங்கிலியம்மாள் மாட்டுக்கொட்டத்திலேயே சாய்ந்துவிட்டாள். பால்குடிப் பிள்ளையை இழவு வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். தவிட்டைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை. சுப்புத்தாய்க்கு மட்டும் இருந்தது. செத்தவளோடு கணக்கும் போயிற்று என்று அவள் பேசாமல் இருந்துவிட்டாள். அன்று பொழுதுசாய, கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையின் காதில் ‘எம்புள்ள’ என்று முதன்முதலாகச் சொன்னாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

அதற்குப் பிறகுதான் அவன் பால் குடிப்பதைக் குறைத்தான். மார்பு கட்டிக்கொண்டு நெறிகட்ட, இவள் வலியில் துடிப்பாள். அவனோ வயிறு நிறைந்தவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துக் கெக்கலி கொட்டிச் சிரிப்பான். திரும்பிப் பார்த்தால் வெறும் வாசல்தான் இருக்கும். ஆடிக்காற்றில் பந்தல் திராட்சை இலைகள் உரசுகிற சத்தம் மட்டும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும்.

பொட்டு இடம் மாறிய அன்று மத்தியானம் கருத்தம்மாள் பிள்ளையைப் பார்க்க வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பிள்ளையின் கதையைப் பேசினார்கள். தொப்புள்கொடி விழுந்ததை முதலில் யார் பார்த்தது? சங்கிலியக்கா. முதலில் சிரித்தது எருமைக் கழுத்துமணிச் சத்தத்துக்கு, அக்கா மடியில். குப்புற விழுந்தது அக்கா வீட்டுப் பாயில். சுப்புத்தாய் தனக்கென்று ஒன்றைத் தேடினாள். பிரசவ வலி ஒன்றுதான் கிடைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் புருஷன் கோட்டைச்சாமி பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தான்.

“ஏன், முந்தாநாளு முத முதல்ல உக்காந்தானே, அது நம்ம வாசல்லதான. நான் தோட்டத்துல மருந்தடிச்சுட்டு வந்தேன். நீ கதவு மறைவுல நின்னு அவன் முதுகத் தாங்கிப் பிடிச்சிருந்த. கை மட்டும் தெரிஞ்சுச்சு.”

முந்தாநாள் அந்த நேரத்தில், பிள்ளையைத் தொட்டிலில் தூங்கவைத்துவிட்டு, அவள் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தாள். 

சுப்புத்தாய் அதையும் காலையில் பொட்டு மாறியதையும் சொல்லி முடிக்கும்வரை கருத்தம்மாள் வெற்றிலையை மெல்லாமல் வாயில் அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு தவிட்டைத் திருப்பியாச்சா என்று கேட்டாள். கோட்டைச்சாமி, செத்தவளுக்குத் தவிடு எதற்கு என்றான். கருத்தம்மாள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“வித்தது வித்ததுதான், சுப்பு. அவுக செத்தா மட்டும் புள்ள உன்னுதாயிருமா? விளக்கு வைக்கிறதுக்கு முன்னால அவுக வாசல்ல தவுட்ட வச்சுக் கேளு. புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டுக் கேளு. பெத்தவதான் கேக்கணும், அங்கன வேற ஆளு நிக்கக்கூடாது. கேட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரு.”

கோட்டைச்சாமி முணுமுணுத்துக்கொண்டே ஊருக்குள் போய்த் தவிடு வாங்கிவந்து போட்டான். பிறகு அக்காவை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

வெயில் இறங்கி மலை நிழல் தோட்டங்களை மூடியிருந்தது. சுப்புத்தாய் ஒரு கையில் பிள்ளையும் இன்னொரு கையில் குவித்த சொளகுமாக, காற்று தவிட்டை அள்ளிக்கொண்டு போகாதபடி உடம்பைச் சாய்த்து மறைத்துக்கொண்டு, நெருஞ்சி மண்டிய பக்கத்து வாசலுக்கு நடந்தாள். எருமைகளைச் சங்கிலியம்மாளின் தங்கை மகன் மயிலாடும்பாறைக்கு இழவு முடிந்த அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டான். ஆனாலும் ஈரத்தவிடும் சாணியும் கலந்த வாசனை, இப்போதுதான் தொட்டியில் கலக்கியதுபோல, பூட்டிய கதவின் இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

சொளகைப் படியில் வைத்தாள். சட்டென்று காற்று நின்றது. தோட்டத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

“அக்கா, உங்க தவுடு இந்தா இருக்கு. எம்புள்ளைய நான் வாங்கிக்கிடுறேன்.”

பிள்ளை கதவைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு கையையும் நீட்டி, தூக்கிக்கொள்ளச் சொல்கிறவன்போல எம்பிப் பாய்ந்தான். அவள் கண்ணை இறுக்க மூடி அவனை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். ஒரு நிமிஷம் இழுபறி. பிறகு அவன் அடங்கினான். மறுபடியும் காற்று எழுந்து புழுதியை வாரி இறைத்தது. கண்ணைத் திறக்காமலே முந்தானையால் அவனை முழுக்கப் போர்த்தி, விளிம்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை கனமாக இருந்தான். வெதுவெதுப்பாக இருந்தான். அழவில்லை. தூங்கிவிட்டான் போல. மீட்டாயிற்று, மீட்டாயிற்று என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்டாள். கரண்ட் இல்லை. சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்குக் குடிப்பான். நிச்சயம் குடிப்பான். ரவிக்கையைத் தளர்த்தினாள்.

அப்போது சிரிப்புச் சத்தம் கேட்டது.

பிள்ளையின் சிரிப்பு. கெக்கலி கொட்டுகிற சிரிப்பு. மடியிலிருந்து வரவில்லை. பூட்டிய வீட்டிலிருந்து வந்தது. கூடவே எருமை மணி. ஒரு தரம். இன்னொரு தரம்.

அவள் இடுப்பில் செருகியிருந்ததை உருவினாள்.

முந்தானை அவிழ்ந்தது. மடி நிறையத் தவிடு சரிந்தது. வெதுவெதுப்பான தவிடு. தொடையில் வழிந்து தரையில் குவிந்தது.

பக்கத்து வீட்டில் பிள்ளை மறுபடியும் சிரித்தான். அந்தச் சத்தத்துக்கு அவள் மார்பு சுரந்துகொண்டது. பால் சொட்டிச் சொட்டித் தவிட்டில் சின்னச் சின்னக் குழியாக விழுந்தது.