முன்னூற்றெட்டில் காணாமல் போன சங்கிலி

மாலை ஐந்து மணிக்கு ஹோட்டல் மேலாளர் 309-ஆம் அறைக் கதவைத் தட்டினார். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரும் அவருடைய மச்சினனும் அன்று நண்பகலில்தான் அங்கே வந்து தங்கியிருந்தார்கள். மச்சினன் ஜன்னலோரக் கட்டிலில் புரண்டபடி, "அத்தான், இது மெத்தையா, சேத்துக்குழியா? இடுப்பு உள்ள போயிடுச்சு!" என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார்," என்றார் மேலாளர். "பக்கத்து 308-ல நேத்து ஒரு தையல்காரர் வந்தார். அவரோட சங்கிலிய காணோமாம். ரூம் சுத்தம் பண்ற அக்காவத் தவிர யாரும் உள்ள போகல. கிடைக்கலேன்னா இன்னைக்கே அவங்கள நிறுத்திடச் சொல்றார் முதலாளி. பதினோரு வருஷமா இருக்கிறவங்க சார்."

மச்சினன் செருப்பு மாட்டுவதற்குள் வழக்கையே முடித்துவிட்டான். "சாவி அவங்ககிட்டதான இருக்கு? உள்ளங்கை நெல்லிக்கனி அத்தான்!"

"கடிச்சுப் பாத்துட்டுச் சொல்லு மாப்ள," என்றார் இன்ஸ்பெக்டர்.

308-இல் ஒற்றைக் கட்டில். மேசைமேல் அளவு நாடா, வெள்ளை நூல்கண்டு, அதில் குத்திய ஊசி. சுவரோரம் அந்த அக்கா தலைகுனிந்து நின்றாள்.

"எங்க வெச்சிருந்தீங்க?" என்று இன்ஸ்பெக்டர் தையல்காரரிடம் கேட்டார்.

"அத மட்டும் கேக்காதீங்க சார்," என்றார் தையல்காரர். "செத்துப்போன என் சம்சாரத்தோட சங்கிலி. நாளைக்கு மக கழுத்துல போடணும். வெச்ச இடம் எனக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். இப்ப அங்க இல்ல."

"சரி. ராத்திரி தூங்கினீங்களா?"

அந்தக் கேள்விக்கும் சங்கிலிக்கும் என்ன சம்பந்தம் என்று மச்சினனுக்குப் புரியவில்லை.

"எங்க தூங்க! முதுகு முறிஞ்சுபோச்சு. காலையில வெளிய கிளம்புறப்போ இந்தம்மாகிட்டகூடச் சொன்னேன். நாலு மணிக்கு வந்து சாஞ்சப்போதான் கொஞ்சம் நிம்மதி. அப்புறம் பாத்தா, போச்சு!"

இன்ஸ்பெக்டர் மெத்தையை உள்ளங்கையால் அழுத்தினார். அது அமுங்கவில்லை. விரிப்பின் மூலைகள் அழகாக மடிக்கப்பட்டிருந்தும், ஓரம் மட்டும் தரையில் புரண்டது.

"ஏம்மா, காலையில 309 காலியா இருந்துச்சா?"

அவள் திடுக்கிட்டாள். "இருந்துச்சு சார்."

"யாரையும் கேக்காம ஒண்ணு பண்ணிட்டு, வேலை போயிடுமோன்னு சொல்லாம இருக்கீங்க. சரியா?"

அவள் கண்கள் நிறைந்தன. மச்சினன் துள்ளினான். "நான் சொன்னேன்ல!"

"சங்கிலிய இல்ல மாப்ள, மெத்தைய. இவ்வளவு அழகா விரிக்கிறவங்க விரிப்பு தரையில புரளுதுன்னா, அது இதைவிட உயரமான மெத்தையோட விரிப்பு. முதுகு வலின்னு இவர் சொன்னதும், பக்கத்து ரூம்ல இருந்த கெட்டி மெத்தைய இங்க போட்டு, இங்க இருந்தத அங்க கொண்டு போயிட்டாங்க. அதான் இவர் முதுகு பிழைச்சுது, உன் இடுப்பு போச்சு."

"அனுமதி இல்லாம ரூம் சாமான மாத்தக் கூடாது சார்," என்றாள் அவள், விசும்பலோடு. "பெரியவர் வலியில நின்னதப் பாத்து மனசு கேக்கல."

"ஆனா சங்கிலி?" என்றார் மேலாளர்.

"ஊசியும் நூலும் இருக்கிற கை பொருளை எங்க ஒளிக்கும்? வாங்க."

309-இல் ஜன்னலோர மெத்தையின் விரிப்பை விலக்கினார்கள். பழுப்பு நூல் தையலின் நடுவே விரல் நீளத்துக்கு வெள்ளைத் தையல். தையல்காரர் தன் தையலைத் தானே பிரித்தார். துணியில் சுற்றிய சங்கிலி வெளியே வந்தது.

"நீ மத்தியானம் குறட்டை விட்டது இதுமேலதான் மாப்ள," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு தையல்காரரிடம் திரும்பினார். "நீங்க நகைய ஒளிச்சீங்க, அவங்க செஞ்ச நல்லத ஒளிச்சாங்க. யாராவது ஒருத்தர் இன்னொருத்தர நம்பியிருந்தா இந்தக் கண்ணீர் மிச்சம்."

தையல்காரர் அவளருகே போனார். "என் வலிய பாத்த கண்ண திருட்டுக் கண்ணுன்னு நெனச்சுட்டேனே. மன்னிச்சுடும்மா."

மேலாளர் முதலாளியிடம் போனில் நீண்ட நேரம் பேசிவிட்டு வந்தார். "உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. இனிமே மெத்தை மாத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. வேண்டாம்னு சொல்ல மாட்டேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கலைந்த கட்டிலை அப்படியே விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை, விரிப்பை உதறினாள். அதன் மறுமுனையைத் தையல்காரர் ஓடிவந்து பிடித்தார்.