பச்சை இதயம்

மேசைமேல் கிடந்த கைப்பட்டை சூடாக இருந்தது. இரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை. இப்போதுதான் யாரோ அதிலிருந்து கையை உருவிக்கொண்டு போன மாதிரி உள்பக்கம் வியர்வை ஈரம். நர்ஸ் அதை மூக்கருகே கொண்டுபோனாள். பச்சைக் கறி வாடை.

வீட்டில் அவளையும் பெரியவரையும் தவிர ஒரு ஈ கிடையாது. பெரியவரோ செத்தாலும் அந்தப் பட்டையைக் கட்டிக்கொள்கிற ஆள் இல்லை.

ஆள் என்றால் சும்மா இல்லை. கறிக்கடை நடத்தி ஓய்ந்தவர். பீரோவுக்குக் கைகால் முளைத்தால் எப்படி இருக்கும், அப்படி. அவர் தும்மினால் தெருக்கோடி நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு வேறு பேட்டை பார்க்கும். கடாவின் தொடையை முழங்கால்மேல் வைத்து வெறுங்கையால் முறிப்பாராம். கடையில் கத்தி தொங்கியதெல்லாம் அழகுக்குத்தான். அவள் வேலைக்கு வந்த முதல் வாரம், அளவு பார்க்கக் கையைத் தொட்டதற்கு விலாவில் ஒரு குத்து விட்டார். அப்போது அவள் கண்ணில் தெரிந்த நட்சத்திரங்களை வைத்துத் தனியாக ஒரு வானமே போடலாம்.

"ஏய் பஞ்சு," என்றார். ஊதினால் பறக்கிற உடம்புக்காரி என்று அவர் வைத்த பெயர் அது. "இன்னொரு தடவை அதைக் கட்ட வந்தே, உன் கையை முறிச்சு உன்கிட்டயே பொட்டலம் கட்டிக் குடுப்பேன்."

கட்டாமலும் இருக்க முடியாது. பட்டை அளந்ததும் அந்த அளவு வீட்டுப் போனிலிருக்கும் செயலிக்குத் தாவும். அங்கிருந்து வெளிநாட்டு மகளுக்கும் டாக்டருக்கும் போகும். ஒரு வேளை தவறினாலும் மகள் ஏஜென்சியைப் பிடித்து உலுக்கிவிடுவாள். இரண்டு தடவை தவறியதுமே மேனேஜர், இன்னொன்று தவறினால் நீ வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். வீட்டிலோ அவள் சம்பளத்தை நம்பி நாலு வயிறு.

எனவே பட்டையைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டாள்.

"கையைத் தளர விடுங்கள். பேசாமல் அமைதியாக உட்காருங்கள்" என்று செயலி தேன் ஒழுகச் சொல்லும். பட்டை புஸ்ஸென்று உப்பி இறங்கும். மேலே நூற்றுப் பதினெட்டு, கீழே எழுபத்தாறு. பெரியவரின் பெயருக்கு நேரே ஒரு பச்சை இதயம் துள்ளும். மகள் உருகிப்போனாள். "உங்க கை ராசியான கை, சிஸ்டர்." பச்சை இதயங்களைப் பார்த்துப் பார்த்து டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, போன வாரம் கடைசி மாத்திரையையும் நிறுத்தினார். அன்றைக்கு உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். நாலு வயிறும் ஞாபகத்துக்கு வர, மூடிக்கொண்டாள். பெரியவர் முகம் தக்காளியாகச் சிவந்திருந்ததை ஆரோக்கியக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

இன்று மழை மூட்டத்தில் மாலைக்கு முன்பே கூடம் இருண்டு கிடந்தது. ஜன்னல் தகரத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விழுகிற சத்தம், சமையலறையில் ஃப்ரிட்ஜின் முனகல், பினாயில் வாடைக்கு அடியில் பதுங்கிப் பதுங்கி வந்த அந்தக் கறி வாடை எல்லாம் இருந்தன. கூரையைத் தூக்கி இறக்கும் பெரியவரின் குறட்டையை மட்டும் காணோம். உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். தூங்குகிற புலியை யார் போய்த் தட்டுவது? பட்டையைக் கட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

பட்டை உப்பியது. வழக்கத்தைவிட அதிகமாக. விரல்கள் மரத்தன.

மேலே இருநூற்றுப் பத்து. கீழே நூற்று முப்பது. சிவப்பு இதயம். அப்படி ஒன்று செயலியில் இருப்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

மிஷின் கோளாறு என்று மறுபடி அழுத்தினாள். இருநூற்று நாற்பது. காதுக்குள் யாரோ உலக்கை போட்டார்கள். மூக்கிலிருந்து சூடாக ஏதோ உதட்டில் இறங்கியது. துடைத்தாள். ரத்தம்.

பெரியவர் கையில் அவள் அளக்காமல் விட்ட அளவு அது.

பட்டையைப் பிரிக்கப் பார்த்தாள். ஒட்டு விடவில்லை. போனோடு உள்ளறைக்கு ஓடினாள்.

பெரியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தலையணை முழுக்கக் கறுப்பு. மூக்கிலும் காதிலும் வழிந்த ரத்தம் தோலோடு காய்ந்திருந்தது. கழுத்தில் விரல் வைத்தாள். நாடி இல்லை. கடைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கறியாகச் சில்லிட்டிருந்தார். இடது மேற்கையில் பட்டை இறுக்கிய தடம். புத்தம் புதிது.

"ஐயா," என்றாள்.

"கையைத் தளர விடுங்கள்," என்றது போன். "மீண்டும் அளக்கிறோம்."

அவள் அழுத்தவில்லை.

பட்டை இறுகியது. இறுகிக்கொண்டே போனது. போன் கட்டிலில் விழுந்தது. பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துப் பட்டைக்கடியில் செருகி வெட்டினாள். துணி வெட்டுப்படவில்லை. சதை வெட்டுப்பட்டது. மறுபடி வெட்டினாள். முழங்கைவரை ரத்தம். விரல்கள் நாவற்பழமாகக் கறுத்தன. நகக்கண்கள் வெடித்தன. ஒரு கண்ணில் பார்வை சிவந்து மூடியது.

கத்த வாயைத் திறந்தாள்.

"பேசாமல் அமைதியாக உட்காருங்கள்."

கட்டில் முனகியது. சுவரைப் பார்த்திருந்த முதுகு மெல்லத் திரும்பியது. முகத்தில் காய்ந்த ரத்தம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். சீரான மூச்சு. குழந்தையின் மூச்சு.

அவர் மடியருகே போன் ஒளிர்ந்தது. அவர் பெயருக்கு நேரே நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. பச்சை இதயம். கீழே மகளின் செய்தி: 'இன்னிக்கும் சூப்பர். தேங்க்ஸ் சிஸ்டர்.'

சில்லிட்ட விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தன. உதறினாள். அசையவில்லை.

"ஆடாத, பஞ்சு," என்றார், அவள் கேட்டேயிராத கனிவோடு. "அளவு தப்பிடும்ல."

அவள் கையை நீட்டித் தன் முழங்கால்மேல் வைத்தார். ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தலைமாட்டிலிருந்த பழைய செய்தித்தாளை எடுத்து மெத்தைமேல் விரித்தார். சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிவிட்டார். கடைக்காரருக்கே உரிய பொறுமையோடு, ஒரு மடிப்புக்கூட இல்லாமல்.