அரசன் ஊட்டிய கஞ்சி

படகுத்துறைக் கஞ்சிக்கடையில் கந்தல் சட்டையோடு உட்கார்ந்திருந்தான் கியோம். ஒன்பது வயது. அவன்தான் இந்த நாட்டின் அரசன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் தலை தப்பாது.

போரில் தலைநகரம் விழுந்துவிட்டது. எதிரி வீரர்கள் ஒவ்வொரு சிறுவனையும் உற்றுப் பார்த்தபடி துறையில் திரிந்தார்கள். அக்கரை சேர்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். கூட வந்தவள் அரண்மனைப் பணிப்பெண் ஓக்சூன். இப்போது அவள் உப்பு விற்பவள். அவன் அவள் மகன்.

வாற்கோதுமைக் கஞ்சி ஆவி பறக்க வந்தது. ஒரே கிண்ணம்தான்.

ஓக்சூன் அதில் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துவிட்டு, கண்ணை மூடிக் காத்திருந்தாள். அரசன் உண்ணுமுன் விஷம் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பழக்கம், கை தானாகப் போய்விட்டது.

அவர்கள்மேல் ஒரு நிழல் விழுந்தது.

"ஏம்மா, மகன் கிண்ணத்துல நீ எதுக்கு முதல்ல வாய் வைக்கிறே?" என்றான் ஒரு தாடிக்கார வீரன். "அரண்மனையிலதான் இப்படிச் செய்வாங்களாமே?"

கரண்டி பிடித்த ஓக்சூனின் கையைப் பார்த்தான் கியோம். எவ்வளவு மெலிந்த கை! வழியெல்லாம் அவள் சுவை பார்த்தாளே தவிர, சாப்பிடவே இல்லை.

"எங்கம்மா எப்பவும் இப்படித்தாங்க!" என்று சிணுங்கினான். "ஒரு வாய் தின்னுட்டு, வயிறு நெறஞ்சிருச்சுன்னு பொய் சொல்லும்!"

கரண்டியைப் பிடுங்கி அவள் வாயருகே நீட்டினான். "வாயைத் திறம்மா. நீ பாதி தின்னாத்தான் நான் தின்னுவேன்."

அரசன் ஊட்ட, வேலைக்காரி உண்பதா? ஓக்சூன் விறைத்துப்போனாள். வீரனின் கை வாளைத் தொட்டது.

"அம்மா... ஆ சொல்லு!"

வாய் திறந்தது. ஒரு கரண்டி. இன்னொன்று. அவள் கண்ணீர் கஞ்சியில் சொட்டியது.

வீரன் சிரித்துவிட்டான். "எந்த ராஜாடா வேலைக்காரிக்கு ஊட்டுவான்? போங்க, படகு கிளம்புது!"

படகு கரையை விட்டு நகர்ந்த பிறகும் கியோம் நின்றபடியே துறையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சிடுங்க, அரசே..." என்று கிசுகிசுத்தாள் ஓக்சூன்.

"உஷ்! 'டேய்'னு கூப்பிடு."

"ஐயோ, நாக்கு வராதே!"

"படகுக்காரர் பாக்குறாரு!"

அப்போது படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

"டே... டேய்! ஆத்துல விழுந்து தொலையாதே, உட்காருடா!" என்று அலறினாள் ஓக்சூன்.

அரசன் சட்டென்று உட்கார்ந்தான்.