ஹாஸ்கினின் வெள்ளைச் சட்டை

பாலைவனத்துச் சுரங்க ஊரான விண்டாராவில் தோண்டினால் தங்கம் கிடைத்தது. தண்ணீர்தான் கிடைக்கவில்லை. ஒட்டகத்தில் வரும் நல்ல தண்ணீரைப் பீப்பாயில் ஊற்றிப் பூட்டி வைப்பார்கள். தங்கத்துக்குக்கூட அங்கே பூட்டு கிடையாது!

அப்படியிருந்தும் லோவீனா வீட்டுப் பீப்பாயில் நான்கு நாளாகத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. அவளுடைய அப்பா ஜேகோவுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். அது லோவீனாவுக்கும் தொற்றிக்கொண்டது. எதிரே வருபவரின் மீசை ஈரமா என்று உற்றுப் பார்த்தாள்.

அன்று காலை பக்கத்துக் கூடாரத்து ஹாஸ்கின் பளிச்சென்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மாதக்கணக்கில் யாரும் துணி துவைக்காத ஊர் அது!

"பாத்தியா! நம்ம தண்ணியில துவைச்சிருக்கான்!" அப்பா பல்லைக் கடித்தார். தங்கம் அரிக்கும் தகரத் தட்டை எடுத்து டங் டங்கென்று அடித்தார். அந்தச் சத்தம் கேட்டால் குழிக்குள் இருப்பவரும் ஏறி வந்துவிட வேண்டும். பஞ்சாயத்து!

ஊரே கூடிவிட்டது.

"நான் எடுக்கலைங்க. ரெண்டு வருஷம் கழிச்சு என் பொண்டாட்டி இன்னிக்கு வண்டியில வர்றா. உடம்பு அரிச்சாலும் பரவாயில்லைன்னு உப்பு ஏரியிலதான் துவைச்சேன்" என்றார் ஹாஸ்கின்.

"யாரு காதுல பூ சுத்துற? பொழுது சாயறதுக்குள்ள ஊரை விட்டுப் போயிடு!" என்று அப்பா கத்தினார்; ஊரும் தலையாட்டியது.

ஹாஸ்கின் முகம் வெளிறியது. அடுத்த நல்ல தண்ணீர் மூன்று நாள் நடையில். லோவீனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். ஓடிப்போய் அவர் சட்டைக் கையை நக்கினாள்.

"சீ! என்னடி பண்ற?"

"உப்பு கரிக்குதுப்பா!"

"வேர்வையும் உப்புதான்டி!"

லோவீனா யோசித்தாள். ஹாஸ்கினின் கொடியில் தலை துவட்டும் துண்டு ஒன்று அப்பளம் போல விறைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. அதையும் நக்கினாள்.

"இதுவும் உப்பு! துண்டுக்கு எப்படிப்பா வேர்க்கும்?"

அப்பா நக்கிப் பார்த்தார். நம்பாமல் இன்னும் ஏழெட்டுப் பேர் நக்கினார்கள்.

"அப்ப என் தண்ணி எங்கதான் போச்சு?"

"பீப்பாயையே கேப்போம், வாங்கப்பா!"

இருவரும் பீப்பாயை நகர்த்தினார்கள். பின்பக்கம் ஈர மணல், அதில் தேனீக்கள் மொய்த்தன. வெயிலில் காய்ந்து பீப்பாயின் பலகை ஒன்று வாய் பிளந்திருந்தது.

அப்பா தலை கவிழ்ந்தது. ஒரு குவளை தண்ணீர் மொண்டு நீட்டினார். "தப்பு என்மேலதான். குடிங்கண்ணே."

ஹாஸ்கின் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இப்பதான்யா உன் தண்ணியக் குடிச்சிருக்கேன். எடு தட்டை, அடி!"