முகத்துவாரம் தாண்டும் முன்

"கொஞ்சம் மெதுவாக் கதைங்களன்! எங்கட அம்மா சொல்றது ஒண்டும் விளங்குதில்ல!"

கோபத்தில் தமிழ் வந்துவிட்டது. காதில் கைபேசியோடு நின்ற விதுர்ஷா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கப்பலின் மேல்தளத்தில், கம்பியில் சாய்ந்து, காற்றிரைச்சலில் எந்த மொழியென்றே புரியாதபடி கைபேசியில் கத்திக்கொண்டிருந்தவன் திரும்பினான்.

அவன்தான்! கப்பல் பேக்கரியில் பாண் சுடுபவன். ஐந்து மாதமாகப் படிக்கட்டில் எதிர்ப்படும்போதெல்லாம் "குட் மோர்னிங்" சொல்லி வழிவிட்டு, பிறகும் ஒரு கணம் நின்று பார்ப்பவன். கோவாக்காரன் என்றல்லவா நினைத்திருந்தாள்...

"நீங்க... தமிழா?" என்றான் நிலோஜன். "மலையாளப் புள்ளயெண்டெல்லோ நினைச்சன்!"

"நான் மட்டக்களப்பு, கல்லடி. நீங்க?"

"அமிர்தகழி!"

ஒரே பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்! இருவரும் சிரித்துவிட்டார்கள். அதற்குள் இருவருடைய அழைப்புமே அறுந்துபோயிருந்தது.

அவனுடைய நீண்ட பயணத்தின் கடைசி இரவு அது. கப்பல் மட்டக்களப்புக் கரையோரமாகத் திருகோணமலைக்குப் போய்க்கொண்டிருந்தது. விடிந்தால் அவன் இறங்கிவிடுவான்; ஒப்பந்தம் முடிந்தது. பயணிகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு இன்னும் நாலு மாதம் கடல்தான். ஊர்ச் சிக்னல் கிடைத்ததும்தான் இருவரும் மேலே ஓடி வந்திருந்தார்கள்.

மழை தூறத் தொடங்கியது. அவளுடைய இமைகளில் துளிகள் நின்றன. அவன் பார்வையும் அங்கேயே நின்றது...

"இவ்வளவு நாளும் ஒரு வார்த்த கதைச்சிருக்கலாமே?"

"மலையாளத்தில என்ன சொல்றதெண்டு யோசிச்சன்."

"மறுகா? யோசிச்ச பிறகு?"

"மறுகா என்ன... குட் மோர்னிங்தான்!"

அவள் வாய்விட்டுச் சிரித்தபோது அவன் கைபேசி அலறியது. காற்றிரைச்சலில் கேட்காதென்று ஸ்பீக்கரில் போட்டான்.

"மனே, வெள்ளிக்கிழம வெல்லாவெளிக்குப் பொம்புள பாக்கப் போகணும். மறந்திராத!"

விதுர்ஷாவின் சிரிப்பு நின்றது.

"அது அம்மா பேசின சம்பந்தம்," என்றான் அவசரமாக. "நான் ஓமெண்டு சொல்லல்ல."

"வேணாமெண்டும் சொல்லல்லத்தானே? போய்ப் பாத்திட்டு வாங்க."

கதவை நோக்கி நடந்தாள். அழக்கூடாது... லிப்ட் இருந்தும் அந்தக் குட் மோர்னிங்குக்காகவே தினமும் படியிறங்கியது அவனுக்குத் தெரியவே கூடாது...

"அம்மா, வெல்லாவெளிக்கு நான் வரல்ல." பின்னால் அவன் குரல் கேட்டது. "அந்தப் புள்ளய வீணாக் காத்திருக்க வைக்காதீங்க."

"ஏன்டா? அவளில என்ன குறை?"

"குறையொண்டும் இல்லம்மா. எனக்கு... இஞ்ச ஒராள விருப்பம். அஞ்சு மாசமா."

"கப்பல்லயா! வெள்ளக்காறியாடா?"

"கல்லடிப் புள்ளம்மா."

கைபேசியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்தான்.

"அந்தப் புள்ளைக்கும் விருப்பமா?"

"தெரியாதம்மா... இன்னும் கேக்கல்ல."

"அட விசரா! என்னட்ட சொல்லி என்ன? அந்தப் புள்ளயிட்டக் கேளு!"

அவன் நிமிர்ந்தான். விதுர்ஷா போகவில்லை. கதவருகே நனைந்தபடி நின்றாள்... கண்ணில் மழையா, கண்ணீரா, தெரியவில்லை.

"கேக்கட்டா?" என்றான் மெதுவாக.

மட்டக்களப்பு முகத்துவாரத்து வெளிச்சங்கள் பின்னால் நழுவத் தொடங்கின. சிக்னல் இன்னும் கொஞ்ச நேரந்தான். அவள் கிட்ட வந்தாள். அவன் கையிலிருந்த கைபேசியை வாங்கிக்கொண்டாள்.

"மாமி..." என்றாள். "நாலு மாசத்தில நான் வந்திருவன். அதுவரைக்கும் இவருக்கு வேற எங்கயும் பொம்புள பாக்காதீங்க."